றொக்சனின் இரண்டு திட்டங்கள்

நீக்கிலாப்பிள்ளையின் மகன் றொக்சனின் உயரம் ஆறடி ஐந்து அங்குலம். மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்து மொன்றியாலில் குடியேறிய எங்கள் தேவாலயப் பங்கு மக்களில் இந்த உயரத்துக்குப் பக்கத்தில்கூட வேறொருவர் வந்ததில்லை. பங்கு மண்டபத்தில் மின்குமிழ் மாற்ற வேண்டுமென்றால் ஏணியைத் தேடமாட்டார்கள், றொக்சனைத் தேடுவார்கள். எங்கே நின்றாலும் கண்ணில் படுகிற இப்படியொருவனைப் பதினைந்து வருடங்களாக யாருமே கவனிக்காமல் விட்டதுதான் அவனுடைய வாழ்க்கை வரலாறு.

தொழில், கூடைப்பந்து. பொழுதுபோக்கு அல்ல, சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடிய ஆட்டம். பல்கலைக்கழகம் முடித்த கையோடு மகன் இதைத்தான் செய்யப்போகிறான் என்று தெரிந்தபோது நீக்கிலாப்பிள்ளை சண்டை பிடிக்கவில்லை. பந்தடிக்கிறது வேலை முடிந்து வந்து செய்கிற விசயம், அதையே வேலையாகச் செய்தால் பிறகு ஓய்வுக்கு என்ன செய்வாய் என்று மட்டும் கேட்டார். நல்ல கேள்வி. றொக்சனுக்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை.

முதலில் லக்ஸம்பேர்க். பிறகு பிரான்சின் மூன்றாம் பிரிவு, போர்த்துக்கலில் இரண்டு கழகங்கள், சைப்பிரஸ், ஹங்கேரி, மறுபடியும் பிரான்ஸ், இந்தமுறை நான்காம் பிரிவு. ஒன்பது வருடங்களில் ஏழு கழகங்கள். திறமை இல்லாதவன் ஏழு கழகங்களில் ஆட முடியாது. திறமை போதுமானவன் ஏழு கழகங்களில் ஆட நேராது. அவனை அழைத்த கழகங்களுக்கெல்லாம் அவன் தேவைப்பட்டது வேறொருவனின் முழங்கால் குணமாகும் வரைக்கும்தான். குணமானதும் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். ஹங்கேரியில் மட்டும் இருபது மாதங்கள் நின்றான். அங்கே உடைந்தது அவனுடைய சொந்த முழங்கால். அதிக காலம் இருந்த ஊரில்தான் அவன் மிகக் குறைவாக ஆடியிருக்கிறான்.

அந்த வருடங்களில் அவனுடைய தாய் பிலோமினம்மாவிடம் மகன் எங்கே என்று கேட்டால், "வெளிநாட்டில நிக்கிறான்" என்பார். கனடாவில் இருந்துகொண்டு வெளிநாடு என்ற சொல்லை இந்த அர்த்தத்தில் பாவித்த ஒரே தாய் அவர்தான். பங்குச்சபையில் நாற்காலி அடுக்கும் பொறுப்பிலிருந்த மரியதாசனுக்கு இது பெரிய வாய்ப்பாகப் போய்விட்டது.

"உலகம் முழுக்க அங்கயிருந்து இஞ்ச வர அடிபடுது. உங்கட பெடியன் மட்டும் இஞ்சயிருந்து அங்க போறான். திரும்பி வரேக்க எயர்போட்டில அகதி எண்டு பதியப் போறானோ?"

அவன் திரும்பி வந்தபோது வயது முப்பத்திரண்டு. ஐந்து மொழிகளில் தண்ணீர், இடது முழங்கால், அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்ற மூன்று விடயங்களையும் பிழையில்லாமல் சொல்லத் தெரிந்திருந்தது. மொன்றியாலின் வடக்கே அஹுன்ட்சிக்கில் ஒரு அடுக்குமாடி வீட்டில் குடியேறினான். பாலர் காப்பகம் ஒன்றில் வேலைசெய்த அனோஜினியைக் கல்யாணம் செய்தான். நகரின் கிழக்கே ஒரு கல்லூரியின் உள்ளரங்கில் ஆடுகிற சிறிய கழகம் ஒன்று அவனை உதவிப் பயிற்சியாளராக எடுத்துக்கொண்டது.

உதவிப் பயிற்சியாளர் என்றால் என்ன வேலை என்று எங்களில் பலருக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்துவது கஷ்டம்தான். எதிரணியின் பழைய ஆட்டங்களை மணிக்கணக்காகப் பார்த்து அவர்கள் அடுத்து என்ன செய்வார்கள் என்று கண்டுபிடிப்பது அவனுடைய வேலை. கண்டுபிடித்ததைத் தலைமைப் பயிற்சியாளரின் காதில் சொல்ல வேண்டும். தலைமைப் பயிற்சியாளர் அதை உரத்துச் சொல்வார். வென்றால் உரத்துச் சொன்னவர் பேட்டி கொடுப்பார். தோற்றாலும் அவர்தான் கொடுப்பார். ஆக வெற்றியிலும் தோல்வியிலும் சமமாக மறைந்திருக்கிற பதவி அது. பணிவுள்ளவர்கள் விரும்பிச் செய்யலாம். றொக்சன் பணிவானவன் அல்ல. ஏழு கழகங்களிலும் மாற்று ஆட்டக்காரர்களின் வாங்கில் உட்கார்ந்து பணிவு மாதிரித் தெரிகிற ஒன்றைப் பழகியிருந்தான், அவ்வளவுதான்.

தலைமைப் பயிற்சியாளர் பஸ்கால் முதல் நாளே அவனுக்கு ஒரு விதி சொல்லிக்கொடுத்தார். என்னிடம் ஒருபோதும் ஒரு திட்டத்தோடு வராதே, அது எனக்குக் கட்டளை போடுவது. மூன்றோடும் வராதே, அது உனக்கே எதுவும் தெரியவில்லை என்பது. இரண்டோடு வா, நான் ஒன்றைத் தொடுவேன். அன்றிலிருந்து ஆறு வருடங்கள் றொக்சன் தன் வெள்ளைப் பலகையின் நடுவே அழியாத மையினால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தான். ஆட்டம் இறுகி இடைநிறுத்தம் கேட்டால், இடப்பக்கம் ஒரு திட்டம், வலப்பக்கம் ஒரு திட்டம், இருபது வினாடிக்குள் வரைந்து கையை நீட்டுவான். பஸ்கால் பார்ப்பார். ஒரு விரல் வந்து ஒரு பக்கத்தைத் தொடும். அந்த விரல் எந்தப் பக்கம் வரும் என்று வரையும்போதே றொக்சனுக்குத் தெரியும். ஆறு வருடத்தில் நாலைந்து தடவைதான் அவன் கணிப்பு பிழைத்தது. அந்த நாலைந்து தடவையும் கழகம் தோற்றது.

இந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. இரவுச் சாப்பாட்டுக்கு என்ன வேண்டும் என்று அனோஜினி கேட்டால் புட்டு அல்லது பாண் என்று பதில் வரும். குழந்தைக்குப் பெயர் வைக்கும்போதும் இரண்டு பெயர்களை எழுதி நீட்டினான். வாழ்க்கையில் நான் கட்டினது ஒரு மனிசனை இல்லை, ஒரு வினாத்தாளை என்று அவள் தன் தமக்கையிடம் சொன்னதாகக் கேள்வி.

இந்த வருடம் பெப்ரவரி மாதம் ஒரு புதன்கிழமை பஸ்கால் விலகினார். சுவிட்சர்லாந்தில் பெரிய கழகம் ஒன்று கூப்பிட்டிருந்தது, உடனே வரவேண்டும் என்றும் சொல்லியிருந்தது. பஸ்கால் றொக்சனைக் கட்டிப்பிடித்து, நீ இல்லாமல் எனக்கு இது கிடைத்திருக்காது என்றார். உண்மைதான். ஆனால் சுவிட்சர்லாந்துக்காரர்கள் ஒருவரைத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

கழகத்தின் நிர்வாகி மதாம் கரோன் அன்று மத்தியானமே றொக்சனை அழைத்து விசயத்தை ஒளிக்காமல் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு ஆட்டம், அதை நீ நடத்துகிறாய். திங்கட்கிழமை நிர்வாகக் குழு கூடுகிறது. தலைமைப் பதவிக்கு எங்களிடம் இரண்டு பெயர்கள் இருக்கின்றன, ஒன்று உன்னுடையது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை நேர்முகப் பரீட்சை என்று வைத்துக்கொள்.

றொக்சனுக்கு முப்பத்தெட்டு வயது. இப்போது முப்பது வயதுக்காரர்களைத் தலைமைப் பயிற்சியாளர்களாக நியமிக்கிறார்கள். இந்த முறை வருகிறவன் இளைஞனாக இருந்தால் பத்து வருடம் இருப்பான். அதற்குப் பிறகு றொக்சனை யாரும் நேர்முகத்துக்குக் கூப்பிடப்போவதில்லை. ஒரு தடவையாவது தன் வாயால் ஒன்றைச் சொல்லி ஐந்து பேர் அதன்படி ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அந்த மனிதனுக்கு வேறு ஆசை எதுவும் மிச்சம் இருக்கவில்லை. இதை அவன் அனோஜினியிடம் சொன்னான். அவள் தன் மாமியாரிடம் சொன்னாள். பிலோமினம்மா கணவரிடம் சொன்னார். அத்தோடு விசயம் கடவுளிடம் போய்விட்டது.

எப்படியென்றால், நீக்கிலாப்பிள்ளை உடனே பங்குத்தந்தைக்குத் தொலைபேசி எடுத்து, மகனுக்கு வேலை கிடைத்ததற்கு ஒரு நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுக்க நாள் கேட்டார். எங்கள் பங்கில் ஞாயிறு பூசைக்குக் கருத்துக் கொடுப்பது, அதாவது இன்ன காரியத்துக்காக என்று பதிவது, சாதாரண விசயமல்ல. நினைவுநாள், கல்யாண வருடம், வீடு வாங்கினது, விசா கிடைத்தது என்று பெந்தெகொஸ்தே திருநாள் வரைக்கும் நிரம்பிக் கிடந்தது. வருகிற ஞாயிறு மட்டும், யாரோ ஒரு குடும்பத்துக்குக் காய்ச்சல் வந்ததால், காலியாக இருந்தது. அதை விட்டால் ஜூன் மாதம். நீக்கிலாப்பிள்ளை வாழ்நாள் முழுக்கச் சந்தர்ப்பங்களைத் தவறவிட்ட ஒரு சமுதாயத்தைச் சேர்ந்தவர். பிடித்துக்கொண்டார்.

ஞாயிறு காலை, றொக்சன் தலைமைப் பயிற்சியாளர் ஆனதற்கு நன்றியாக இந்தத் திருப்பலி என்று சுவாமியார் வாசித்தபோது, மூன்றாவது வரிசையிலிருந்த றொக்சன் தகப்பனைத் திரும்பிப் பார்த்ததை எல்லோரும் கண்டோம். அந்த உயரத்தில் ஒரு தலை திரும்பினால் மறைக்க முடியாது. பூசை முடிந்து வாசலில் எல்லோரும் வரிசையாக வந்து கைகொடுத்தோம். அவனும் ஒவ்வொருவருக்கும் கைகொடுத்தான். வேறென்ன செய்வது? பிறகு தகப்பனை ஒரு ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனான்.

"அப்பா, இன்னும் கிடைக்கேல்லை."

"கிடைக்கும்தானே?"

"தெரியாது."

"உனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்தானே. கொஞ்சம் முந்திச் சொன்னால் குறையே?"

இறையியல் ரீதியாக இந்த வாதத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது சுலபமல்ல. சுவாமியாரும் முயலவில்லை.

அன்று மத்தியானம் நாற்பது பேர் ஆட்டம் பார்க்கப் போனோம். நாற்பது பேரில் விதிகள் தெரிந்தவர்கள் மூன்று பேர். வெளிச் சாப்பாடு கொண்டுவரக்கூடாது என்று வாசலில் எழுதியிருந்தது. ஆனால் பிரெஞ்சில் எழுதியிருந்தது. எங்களோடு வந்திருந்த அக்னெஸ் அக்காவின் கைப்பையிலிருந்து ஆட்டிறைச்சி றோல்ஸ் வரிசை வரிசையாகக் கைமாறியது. நாங்கள் ஆடுகளத்துக்குப் பக்கத்தில் முதல் மூன்று வரிசைகளில் உட்கார்ந்தோம். அந்தக் கழகத்துக்கு இவ்வளவு கூட்டம் அந்த வருடத்தில் வந்ததில்லை என்று டிக்கட் கிழித்த பெண் சொன்னாள்.

றொக்சன் கோட் போட்டு, தலைமைப் பயிற்சியாளரின் நாற்காலியில், வாங்கின் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தான். உள்ளதைச் சொல்ல வேண்டும், நன்றாகத்தான் நடத்தினான். யாரை எப்போது மாற்றுவது, எதிரணியின் உயரக்காரனுக்கு யாரைக் காவல் போடுவது என்பதையெல்லாம் யோசிக்காமலே செய்தான். அவை அவனுக்கு ஆறு வருடப் பழக்கம். மூன்றாம் கால்பகுதியில் கழகம் ஒன்பது புள்ளி முன்னால் நின்றது. மரியதாசன் எழுந்து பின்வரிசைக்குத் திரும்பி, நான் இவனைச் சின்னனிலயே கண்டுபிடிச்சனான் என்றார். மதாம் கரோன் எதிர்ப்பக்கத்தில் தனியாக உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

பிறகு எதிரணி விழித்துக்கொண்டது. ஒன்பது ஆறாகி, ஆறு இரண்டாகி, கடைசியில் எங்கள் கழகம் ஒரு புள்ளி பின்னால். மிச்சம் எட்டு வினாடி. பந்து எங்களிடம். ஒரு கூடை போட்டால் வெற்றி. றொக்சன் கடைசி இடைநிறுத்தத்தைக் கேட்டான். அறுபது வினாடி.

ஐந்து வீரர்களும் அவனைச் சுற்றிக் குனிந்தார்கள். அவன் பலகையை எடுத்து வரைந்தான். அணித்தலைவன் வூட்லி பந்தைக் கொண்டு நேராக உள்ளே புகுவது இடப்பக்கம். வூட்லி புகுவதுபோல் காட்டிவிட்டு, மூலையில் நிற்கிற சூடனுக்கு எறிவது வலப்பக்கம். சூடன் என்பது எங்கள் பெடியள் வைத்த பெயர், தூரத்திலிருந்து சூடு வைக்கிற மாதிரிப் பந்தைப் போடுகிறவன். இருபது வினாடிக்குள் இரண்டும் வரைந்து முடிந்துவிட்டது. நிமிர்ந்தான். பலகையைத் தனக்கு இடது பக்கமாக நீட்டினான்.

அங்கே யாரும் இல்லை. அதற்கப்பால் தண்ணீர்ப் போத்தல்கள் இருந்த மேசைதான்.

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. நாங்கள் மூன்று மீற்றர் தூரத்தில் இருந்தோம், எல்லாம் தெரிந்தது. அவன் காத்திருந்தான். எதற்காகக் காத்திருக்கிறான் என்று அவனுக்கே விளங்க ஐந்தாறு வினாடி எடுத்திருக்கும். பிறகு பலகையைத் தன் பக்கம் திருப்பி, முதன்முறையாகப் பார்க்கிறவன் மாதிரி இரண்டு பக்கத்தையும் பார்த்தான். பஸ்கால் எதைத் தொட்டிருப்பார் என்று தனக்கு அப்போதும் நிச்சயமாகத் தெரிந்திருந்தது என்று பின்னர் அனோஜினியிடம் சொல்லியிருக்கிறான். தான் எதைத் தொடுவது என்பதுதான் தெரியவில்லை. அந்தக் கேள்வி ஆறு வருடமாக அவனிடம் வந்ததேயில்லை.

"கோச், எது?" என்று வூட்லி கேட்டான்.

"இரண்டும் நல்லது."

"ஓம், ஆனால் எது?"

விசில் ஊதியது. நடுவர் எல்லோரையும் உள்ளே வரச் சொன்னார்.

அடுத்த எட்டு வினாடிகளில் மூன்று பேர் இடப்பக்கத்துத் திட்டத்தை ஆடினார்கள், இரண்டு பேர் வலப்பக்கத்துத் திட்டத்தை ஆடினார்கள். வூட்லி உள்ளே புகுவதுபோல் காட்டிவிட்டு மூலைக்கு எறிந்தான். மூலையில் நிற்க வேண்டிய சூடன், வூட்லிக்கு வழிவிட உள்ளே ஓடிக்கொண்டிருந்தான். பந்து வெறும் மூலையைக் கடந்து, எல்லைக்கோட்டைக் கடந்து, முதல் வரிசையிலிருந்த அக்னெஸ் அக்காவின் மடியில் வந்து விழுந்தது. அவர் அதை இரண்டு கையாலும் பிடித்து உயர்த்திக் காட்டினார். விதிகள் தெரியாத முப்பத்தேழு பேரும் கைதட்டினோம்.

வாகனத் தரிப்பிடத்தில் பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டு பாகை குளிர். கிட்டத்தட்ட வென்ற மாதிரித்தான் என்று அக்னெஸ் அக்கா சொல்லிப் பார்த்தார். றொக்சன் ஓம் ஓம் என்றான். வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் அனோஜினி சொன்னாள்.

"ஒண்டைச் சொல்லியிருக்கலாம்."

"எதைச் சொல்லியிருக்கலாம்?"

"எதையெண்டாலும்."

அவன் இறங்கிப் பின்கண்ணாடியில் ஒட்டிய பனியைச் சுரண்டத் தொடங்கினான். அன்று இனி எங்கேயும் போவதாக இருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மதாம் கரோன் அவனைக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் அல்ல, அதனால்தான் அவர் சொன்னது அதிகம் நொந்தது. கடைசி எட்டு வினாடியின் ஒளிப்பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாராம். எதிரணி நின்ற நிலைக்கு றொக்சன் வரைந்த இரண்டு திட்டங்களில் எதை ஆடியிருந்தாலும் கூடை விழுந்திருக்கும் என்றார். மோசமான பயிற்சியாளராக இருந்தால் ஒன்றுதான் தோன்றியிருக்கும், அதைச் சொல்லி வென்றிருப்பார். நிர்வாகக் குழு பெல்ஜியத்திலிருந்து ஒலிவியே என்ற முப்பத்தொரு வயதுக்காரரை எடுத்திருக்கிறது. அவருக்கு இந்த நகரமோ இந்த அணியோ எதிரணிகளோ எதுவும் தெரியாது. ஆகையால் எல்லாம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். நல்ல தலைமைப் பயிற்சியாளர்கள் கிடைப்பார்கள், உன்னைப்போல ஒரு உதவிப் பயிற்சியாளர் கிடைப்பதில்லை, உன்னை இழக்க நாங்கள் தயாரில்லை என்றார். வேண்டுமானால் ஒரு வாரம் யோசித்துச் சொல்.

றொக்சன் யோசிக்கவில்லை. இருக்கிறேன் என்று அந்த இடத்திலேயே சொன்னான். முப்பத்தெட்டு வயதில் அவன் யாரையும் கேட்காமல் எடுத்த ஒரே முடிவு அதுதான். அதை அவன் எடுக்காமல் விட்டிருக்கலாம் என்றுதான் எங்கள் எல்லோருடைய அபிப்பிராயமும். ஏன் என்று அனோஜினி கேட்டபோது, வேறென்ன தெரியும் எனக்கு என்று திருப்பிக் கேட்டானாம். நகருக்கு வெளியே புரோசார்டில் அவளுடைய தமையனுக்குத் தளபாடக் கடை இருக்கிறது, உயரமான ஆள் ஒருவர் அங்கே உபயோகப்படலாம் என்று இரண்டு நாள் கதை அடிபட்டு அமர்ந்துவிட்டது.

ஒலிவியே வந்தார். மரியாதையான மனிதர், தாடி வைத்திருக்கிறார். இடைநிறுத்தங்களில் ஒரே ஒரு திட்டத்தைத்தான் வரைவார், அதையும் தானே வரைவார். ஐந்து பேரும் அதன்படி ஓடுவார்கள். மீதி ஆட்டங்களில் பெரும்பாலானவற்றை அவர்கள் அப்படி ஒற்றுமையாகத் தோற்றார்கள். றொக்சன் வாங்கின் இரண்டாவது ஆளாக உட்கார்ந்திருந்தான். இப்போது அவன் யார் காதிலும் எதுவும் சொல்வதில்லை, யாரும் கேட்பதுமில்லை. எதிரணிகளின் பழைய ஆட்டங்களை மட்டும் வீட்டில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். அது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது.

தகப்பனிடம் அவன் இன்னும் சொல்லவில்லை. முதலில் ஒரு வாரம் தள்ளிப்போட்டான், பிறகு சொல்வதற்கான நேரம் தாண்டிவிட்டது. நீக்கிலாப்பிள்ளை பிரெஞ்சுப் பத்திரிகை வாசிப்பதில்லை. விளையாட்டுச் செய்தி எந்த மொழியிலும் பார்ப்பதில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வாசலில் நின்று கழகத்துக்காரர்களைப் பற்றி மகனிடம் கேட்கிறார்.

"என்னவாம் அவை?"

"யோசிக்கினம் அப்பா."

"நல்லா யோசிக்கட்டும். அவசரப்பட்டு எடுக்கிற விசயமே?"

பிறகு மண்டபத்தில் தேத்தண்ணிக் கோப்பையோடு எங்களிடம் வருவார். வெள்ளைக்காரர் எந்த முடிவையும் இப்படித்தான் மாதக்கணக்காக எடுப்பார்களா, உங்களுக்குத் தெரியுமா என்று விசாரிப்பார். பங்கு முழுக்க விசயம் தெரியும். மரியதாசனுக்குக்கூடத் தெரியும். ஆனாலும் மரியதாசன்தான் முதலில் பதில் சொல்வார்.

"ஓம் அண்ணை, அவை ஆறுதலாத்தான் செய்வினம். என்ர ரோட்டில ஒரு குழி மூட ஒன்பது மாசம் எடுத்தவங்கள்."

நாங்களும் ஓம் என்போம். நீக்கிலாப்பிள்ளை திருப்தியாகத் தலையாட்டுவார். இப்போது மே மாதம் நடக்கிறது.